பழைய டீசல் எஸ்யூவியில் பல கோளாறுகள் ஒன்றாக வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஸ்கார்ப்பியோ, சஃபாரி, பொலேரோ, ஃபார்ச்சூனர், எண்டெவர் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. பெரும்பாலான பதில்கள் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும்) டீசல் இன்ஜின், 12 வோல்ட் பேட்டரி உள்ள வண்டிகளுக்குப் பொருந்தும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில ஒரே நேரத்துல ஏழெட்டு பிரச்சினை. செல்ஃப் சரியா எடுக்கல, செக் லைட் எரியுது, ஹீட் முள் ஆடுது, பவர் விண்டோ வேலை செய்யல. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பேட்டரியிலிருந்து. அடுத்து எர்த் (பேட்டரி நெகட்டிவை இன்ஜின், சேஸிஸ், பாடியோடு சேர்க்கும் இணைப்பு), அடுத்து டைனமோ (ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்). இந்த மூன்றும் சரி என்று மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்யும் வரை எந்த சென்சாரையும், எந்த மோட்டாரையும் குறை சொல்லாதீர்கள். பழைய வண்டியில் ஏழெட்டு கோளாறு தெரிந்தால் அதற்கு ஏழெட்டுக் காரணம் இருப்பது அபூர்வம். இரண்டு மூன்றுதான் இருக்கும். கரண்ட் பாதையில் ஓரிடம் கெட்டால் அது ஒரே நேரத்தில் செல்ஃபிலும் டேஷ்போர்டு மீட்டரிலும் ஈசியூவிலும் (இன்ஜினை நடத்தும் கணினி) வெவ்வேறு முகத்தோடு தெரியும்.

கை வைப்பதற்கு முன் ஒரு தாளில் எல்லாக் கோளாறையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போது வருகிறது என்று குறியுங்கள்: இன்ஜின் ஆறியிருக்கும்போதா சூடானபிறகா, மழையிலா, ஏசி போட்டாலா, மேடு பள்ளத்தில் குலுங்கினாலா. சேர்ந்தே வருபவற்றை வட்டமிட்டு இணையுங்கள். ஹெட்லைட் போட்டதும் ஹீட் முள் ஏறுகிறது என்று எழுதினாலே பாதி வழி வந்தாயிற்று.

இதில் விலக்கு நான்கு. பிரேக் இறங்குவது, ஸ்டீரிங்கில் ஆட்டம், டீசல் ஒழுகுவது, உண்மையிலேயே ஓவர்ஹீட் ஆவது. இவற்றில் எது இருந்தாலும் வண்டியை ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். நின்ற இடத்திலேயே பாருங்கள்.

இதையெல்லாம் பார்க்க என்ன கருவி வேணும்? மெக்கானிக் மாதிரி எல்லாம் வாங்க முடியாது.

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று (பேட்டரி வடிவதைத் தேடும்போது மட்டும் இன்னொன்று), 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்று, லைவ் டேட்டா காட்டும் ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் சாக்கெட்டில் மாட்டி ஈசியூவைப் படிக்கும் கருவி) ஒன்று. வெறும் கோட் (கோளாறு எண்) மட்டும் காட்டும் ஸ்கேனர் பாதிப் பயன்தான். ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், ரெயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஆகியவை ஓடும்போதே தெரிய வேண்டும். டெஸ்ட் லாம்பை மலிவு என்று ஒதுக்காதீர்கள். அது கொஞ்சமாவது கரண்டை இழுத்துப் பார்க்கிறது. மீட்டரின் வோல்ட் அளவு அதைச் செய்வதில்லை. இவற்றோடு எமரி பேப்பர், ஒயர் பிரஷ், கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே இருந்தால் இந்தப் பக்கத்தில் உள்ள மின் சோதனைகளுக்குப் போதும்.

பேட்டரி மாத்தி ஆறு மாசம்தான் ஆச்சு. அதையும் பார்க்கணுமா?

பார்க்க வேண்டும். புதிய பேட்டரியும் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் கெட்டுவிடும். வண்டியை இரவு முழுக்க நிறுத்தி, காலையில் சாவி போடும் முன் டெர்மினலில் அளந்து பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி. ஓடி வந்து நிறுத்தியதும் அளந்தால் 13-க்கு அருகில் பொய்யாகக் காட்டும்.

அடுத்தது செல்ஃப் அடிக்கும்போது. மீட்டர் கம்பிகளைப் பேட்டரியின் ஈயக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். முழுச் சார்ஜ் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் உள்ளே பலம் இல்லை, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. 10.5-க்கு மேலேயே நின்றும் இன்ஜின் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி குற்றவாளி இல்லை. கரண்ட் வழியில் தொலைகிறது. அதற்கான சோதனை எர்த் கேள்வியில் இருக்கிறது.

சாவி திருப்பினா 'டிக்'குனு சத்தம் மட்டும் வருது. செல்ஃப் மோட்டார் போயிடுச்சா?

எத்தனை 'டிக்' என்று கேளுங்கள். படபடவெனத் தொடர்ந்து அடித்தால் சாலினாய்டு (செல்ஃப் மோட்டாரின் மின்காந்த ஸ்விட்ச்) இழுத்து இழுத்து விடுகிறது, அதாவது வோல்டேஜ் போதவில்லை: பேட்டரி, டெர்மினல் அல்லது எர்த். ஒரே ஒரு கனமான 'டக்', பிறகு அமைதி என்றால் சாலினாய்டின் செப்புத் தொடர்பு அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சத்தமே இல்லை என்றால் செல்ஃப் ரிலே, கிளச் பெடல் ஸ்விட்ச், இக்னிஷன் ஸ்விட்ச் என்ற வரிசையில் பாருங்கள்.

மோட்டாரைக் கழற்றும் முன் ஒரே ஒரு அளவு: சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது சாலினாய்டின் சின்ன ஒயரில் எவ்வளவு வருகிறது? 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும், பெரிய கேபிளில் கரண்ட் இருந்தும், எர்த் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் கழற்ற வேண்டியது. சின்ன ஒயரில் 7, 8 வோல்ட்தான் என்றால் இக்னிஷன் ஸ்விட்ச் முனைகள் கருகியிருக்கின்றன. பழைய வண்டிகளில் இது சகஜம்.

எல்லாத்துக்கும் 'எர்த் பாரு'ங்கிறாங்க. எர்த்தை எப்படித்தான் பார்க்கிறது? மீட்டர்ல பீப் சத்தம் வருதே, அப்ப சரிதானே?

பீப் சத்தத்தை நம்ப வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எர்த் கேபிளில் ஐம்பது இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், பூஜ்ஜியம் ஓம் காட்டும். ஒரே புரியில் தொங்கும் கிணற்றுக் கயிறு காலி வாளியைத் தூக்கும், தண்ணீர் வாளியைத் தூக்காது. டீசல் இன்ஜினைச் சுற்றும்போது அந்தக் கேபிளில் 200 ஆம்ப்புக்கு மேல் ஓடுகிறது. ஆகவே கரண்ட் ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும். இதற்கு வோல்டேஜ் டிராப் சோதனை என்று பெயர்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு கம்பி பேட்டரி நெகட்டிவ் கட்டையின் நடுவில், கிளாம்பில் அல்ல. இன்னொன்று இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத போல்ட்டில். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஃப்யூவல் ரிலேயைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் எர்த் பாதை கெட்டது. அப்படியே ஒரு கம்பியை மட்டும் நகர்த்துங்கள்: கட்டையிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து கேபிள் முனை, முனையிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து பிளாக். எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் அளவு தாவுகிறதோ அங்கேதான் கோளாறு. பாசிட்டிவ் பக்கமும் இதே முறை. பேட்டரியிலிருந்து செல்ஃப் வரை 0.5-க்குள் இருக்க வேண்டும்.

இந்த வகை எஸ்யூவிகளில் பாடி தனி, சேஸிஸ் தனி, நடுவில் ரப்பர் மவுன்ட். எனவே இன்ஜின்–சேஸிஸ், சேஸிஸ்–பாடி, பேட்டரி–பாடி என்று தனித்தனி எர்த் பட்டைகள் இருக்கும். கிளச் வேலை, டிங்கரிங், சேஸிஸ் பெயின்ட் முடிந்து திரும்பிய வண்டியில் இவற்றில் ஒன்று மாட்டாமல் விடப்பட்டிருக்கும், அல்லது பெயின்ட்டுக்கு மேல் முறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, உலோகம் மின்னும் வரை தேய்த்து, இறுக்கி, பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மின்னுவது, ஹெட்லைட் போட்டால் மீட்டர் முட்கள் நகர்வது எல்லாம் கெட்ட எர்த்தின் அடையாளங்கள்.

டைனமோ சார்ஜ் பண்ணுதான்னு பார்க்க, ஓடும்போது பேட்டரி வயரைக் கழட்டினா போதும்னு சொல்றாங்களே?

செய்யவே கூடாது. பேட்டரி இல்லாத நொடியில் டைனமோ வெளியேற்றும் வோல்டேஜ் பல மடங்கு தாவும். ஈசியூ, ஏபிஎஸ் யூனிட், மீட்டர் போர்டு எது வேண்டுமானாலும் போகலாம். அந்தக் காலத்து வண்டியில் தப்பியது இதில் தப்பாது.

இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். ஹெட்லைட், ப்ளோவர், ஏசி எல்லாம் போட்டு 2000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள், 13.5-க்குக் கீழே போகக் கூடாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பல்பு அடிக்கடி எரிந்துபோவதும் பேட்டரியிலிருந்து நெடி வருவதும் அதனால்தான். பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே இடத்தில் அளவு எடுங்கள். 0.1-க்குள் நல்லது, 0.5-ஐத் தாண்டினால் டைனமோவின் டயோடு கெட்டிருக்கிறது. டிசி அளவு சரியாகவே காட்டும். ஆனால் அந்த அலைவு ஈசியூவைக் குழப்பி சம்பந்தமில்லாத கோட்களைக் கிளப்பும்.

ரெண்டு நாள் வண்டி எடுக்கலன்னா பேட்டரி காலி. எங்க கரண்ட் போகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எவ்வளவு போகிறது என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். எல்லாம் உறங்கியபின் 50 மில்லிஆம்ப் வரை இழுப்பது இயல்பு. 60 ஆம்ப்-ஹவர் பேட்டரி அந்த அளவில் பாதியாக 25 நாள் ஆகும். அதுவே அரை ஆம்ப் இழுத்தால் இரண்டரை நாளில் பாதி போய்விடும், மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்காது. ஆக, இரண்டு நாளில் காலி என்றால் தேட வேண்டியது அரை ஆம்ப் அல்லது அதற்கு மேல் இழுக்கும் ஒன்றை.

போனட்டைத் திறந்து வைத்து, டிரைவர் கதவின் லாட்சை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். கதவு திறந்தே இருந்தாலும் வண்டி மூடியதாக நினைக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்ப் துளையில் போட்டு இடையில் இணையுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். மாட்யூல்கள் (வண்டியின் சின்னக் கணினிகள்) உறங்க அவ்வளவு ஆகும். மீட்டர் இணைந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அளவு இன்னும் அதிகமாக இருந்தால் ஃப்யூஸ்களைப் பிடுங்காமல், ஒவ்வொரு ஃப்யூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவில் இன்னொரு மீட்டரால் மில்லிவோல்ட் பாருங்கள். பூஜ்ஜியம் என்றால் அதில் கரண்ட் ஓடவில்லை. 10 ஆம்ப் ஃப்யூஸில் 1 மில்லிவோல்ட் என்றால் ஏறக்குறைய 130 மில்லிஆம்ப் ஓடுகிறது. ஃப்யூஸைப் பிடுங்கித் திரும்பப் போட்டால் உறங்கிய மாட்யூல் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

வழக்கமான ஆட்கள்: வெளியில் போட்ட ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபயரும், ஜிபிஎஸ் டிராக்கர், அலாரம், கிளவ் பாக்ஸ் விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே. எல்லா ஃப்யூஸும் பூஜ்ஜியம் காட்டியும் கரண்ட் போகிறதென்றால் ஃப்யூஸ் பாக்ஸ் வழியாக வராத ஒன்று இருக்கிறது. அது பெரும்பாலும் டைனமோ. மேலே சொன்ன கெட்ட டயோடு வழியே பேட்டரி இரவெல்லாம் வடியும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு டைனமோவின் பெரிய ஒயரைக் கழற்றி அதன் முனையை டேப் சுற்றி ஒதுக்கி, மீண்டும் அளந்தால் தெரிந்துவிடும்.

ஸ்கேனர் போட்டா பத்து கோட் வருது. பத்து சென்சாரும் மாத்தணுமா?

ஒன்றையும் மாற்ற வேண்டாம். எல்லாக் கோட்களையும் எழுதி வைத்து, அழித்து, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். பேட்டரி இறங்கிய நாளில் பதிந்த பழைய கோட்கள் திரும்பி வராது. திரும்பி வந்தவற்றில் பி0562 இருந்தால் வோல்டேஜ் குறைவு. மற்றவற்றை விட்டுவிட்டு பேட்டரி, எர்த், டைனமோவுக்குத் திரும்புங்கள். யு என்று தொடங்கும் கோட்கள் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசவில்லை என்கின்றன. யு0100 என்றால் இன்ஜின் ஈசியூ பதில் தரவில்லை.

கோட் எப்போதும் ஒரு சர்க்யூட்டைத்தான் சொல்கிறது. கூலன்ட் சென்சாருக்கான பி0118 'அளவு அதிகம்' என்று வந்தால், பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் (ஒயர் சொருகி) கழன்றிருக்கிறது என்று பொருள். பி0335 கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்வது), பி0087 ரெயில் பிரஷர் குறைவு, பி0299 டர்போ பூஸ்ட் குறைவு, பி0401 இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் வழி) ஓட்டம் குறைவு.

சம்பந்தமே இல்லாத மூணு சென்சார் கோட் ஒரே நொடியில வருது. மூணுமே நல்ல சென்சார்தான், மாத்தியும் பார்த்தாச்சு. எப்படி?

ஈசியூ பல சென்சார்களுக்கு ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஆக்சிலரேட்டர் பெடல், ரெயில் பிரஷர், பூஸ்ட் சென்சார் இப்படி ஒரு குழுவாக இருக்கும். அதில் ஒன்றின் உள்ளே ஷார்ட் ஆனால், அல்லது அந்த ஒயர் ஓரிடத்தில் உரசி பாடியைத் தொட்டால், குழு முழுவதுக்கும் 5 வோல்ட் விழுந்துவிடும். சாவியை ஆன் செய்து ஒரு கப்ளரில் சப்ளை பின்னையும் சென்சார் எர்த் பின்னையும் அளந்து பாருங்கள். 5-க்குப் பதில் 1, 2 வோல்ட் இருந்தால், மீட்டரை அங்கேயே வைத்துவிட்டு மற்ற சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அந்த சென்சார்தான். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஹார்னஸ் (ஒயர் கட்டு) எங்கோ உரசியிருக்கிறது.

கேன் பஸ் (மாட்யூல்கள் பேசிக்கொள்ளும் இரட்டை ஒயர்) உள்ள வண்டியில் யு கோட்கள் கூட்டமாக வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓபிடி சாக்கெட்டின் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். 60 ஓம் சரி. 120 என்றால் ஒரு முனை துண்டாகியிருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு அருகில் என்றால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொடுகின்றன.

மழை பெய்தா மட்டும் வண்டி பைத்தியம் பிடிச்ச மாதிரி பண்ணுது. ரெண்டு நாள் வெயில்ல நின்னா சரியாயிடுது.

தண்ணீர் உள்ளே வருகிறது. எலெக்ட்ரிக்கலைத் தொடும் முன் அது வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். வைப்பருக்குக் கீழே உள்ள தொட்டியில் இலை அடைத்து வடிகால் மூடியிருக்கும். விண்ட்ஷீல்டு மாற்றியபோது ஓரம் சரியாக ஒட்டப்படாமல் இருக்கும். ஃபயர்வாலில் ஒயர் நுழையும் ரப்பர் கிழிந்திருக்கும். கால்மிதியைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்திப் பாருங்கள். ஒருவர் வெளியே ஹோஸில் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துப் பார்ப்பதை விட நல்ல வழி கிடையாது.

பிறகு கப்ளர்களைக் கழற்றிப் பச்சை படிந்த பின்களைத் தேடுங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்தலாம். ஆனால் பச்சை ஒயருக்குள் ஏறியிருந்தால் உறையை உரித்துப் பார்த்து, பளபளக்கும் செம்பு வரும் வரை வெட்டி, சால்டர் வைத்து இணைக்க வேண்டும். இதே நேரத்தில் எலி கடித்த தடமும் தேடுங்கள். தெருவில் நிற்கும் வண்டிகளில் மழைக்காலத்தில் எலி இன்ஜின் மேலேயே கூடு கட்டும். உறை மட்டும் கடிபட்ட ஒயர் வெயிலில் ஓடும், ஈரத்தில் நிற்கும்.

பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், ஹாரன் ஒரு நாள் வேலை செய்யுது, ஒரு நாள் இல்ல.

கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைப் பிதுக்கி உள்ளே பாருங்கள். டிரைவர் கதவு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடியதில் ஒயர்கள் அங்கேதான் அறுகின்றன. கதவைச் சற்று அசைக்கும்போது கண்ணாடி வேலை செய்தால் சந்தேகமே இல்லை. ஹாரன் வேலை செய்யாமல் ஏர்பேக் லைட்டும் எரிந்தால் ஸ்டீரிங்குக்குள் உள்ள கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீரிங்கோடு சுற்றும் ஒயர் சுருள்). அதைக் கழற்றும் முன் பேட்டரியைத் துண்டித்துக் குறைந்தது பத்து நிமிடம் காத்திருங்கள். ஏர்பேக் ஒயரில் டெஸ்ட் லாம்ப் வைக்காதீர்கள்.

ஓடிக்கிட்டிருக்கும்போதே இன்ஜின் ஆஃப் ஆயிடுது. அரை மணி நேரம் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகுது. செக் லைட் கூட வரல.

சூடானால் நின்று ஆறினால் எழும் வண்டியில் கிராங்க் சென்சார் முதல் சந்தேகம். நின்றுபோன அந்த நேரத்திலேயே ஸ்கேனரைப் போட்டு செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பூஜ்ஜியம் என்றால் சென்சார் அல்லது அதன் ஒயர். ஆர்பிஎம் 200 போல வருகிறது, ரெயில் பிரஷர் ஏறவில்லை என்றால் டீசல் பக்கம். ஆறிய பிறகு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகவே காட்டும். ஆகவே ஸ்கேனர் வண்டியிலேயே இருக்கட்டும்.

டீசல் பக்கம் என்றால் வரிசை இது: ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீர் வருகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டேங்க் மூடியைத் திறந்தால் காற்றை உறிஞ்சும் சத்தம் வருகிறதா, டேங்கின் உள்ளே சல்லடையில் கசடா. பம்புக்குப் போகும் வழியில் தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒரு துண்டு போட்டுப் பார்த்தால் காற்றுக் குமிழ் தெரியும். எதுவும் சிக்கவில்லை என்றால் ஈசியூவின் மெயின் ரிலே.

காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு ரொம்ப நேரம் எடுக்குது, அப்புறம் நாள் பூரா ஒரே அடியில ஸ்டார்ட். இன்ஜெக்டரா?

அவசரப்படாதீர்கள்; நாலு இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) பெரிய செலவு. செல்ஃப் வேகம் 150 ஆர்பிஎம்முக்குக் கீழே என்றால் அது பேட்டரி–எர்த் கதைதான். வேகம் சரி என்றால் ரெயில் பிரஷரைப் பாருங்கள். பல காமன் ரெயில் வண்டிகளில் 200 பாரை (அழுத்த அளவு) ஒட்டி ஏறினால்தான் ஈசியூ டீசலைத் தெளிக்கும். மெதுவாக ஏறினால் இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பியிருக்கிறது (ஹோஸ் கிளிப்பில் காற்று, நான்-ரிட்டர்ன் வால்வு), அல்லது இன்ஜெக்டர் ரிட்டர்னில் (மிச்ச டீசல் திரும்பும் வழி) கசிகிறது. பிரஷர் உடனே ஏறியும் வெள்ளைப் புகையோடு திணறினால் க்ளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் பிளக்). ஊட்டி, கொடைக்கானல் போனால் மட்டும் இந்தத் தொல்லை வருகிறது என்றாலும் அதுவேதான். பிளக்கின் இணைப்பைக் கழற்றி முனைக்கும் பிளாக்குக்கும் ஓம் பாருங்கள். ஒன்று இரண்டு ஓமுக்குள் இருக்க வேண்டும், முடிவிலி காட்டினால் போய்விட்டது.

ரிட்டர்ன் சோதனைக்கு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் ஒரே அளவு குழாய் மாட்டி, நான்கு ஒரே மாதிரிக் குப்பிகளில் விட்டு, ஐடிலில் மூன்று நிமிடம் ஓட்டுங்கள். மற்றவற்றைப் போல் இரு மடங்கு நிரம்பிய குப்பிதான் கெட்ட இன்ஜெக்டர். பீசோ இன்ஜெக்டர் உள்ள வண்டியில் இதை வீட்டில் செய்ய வேண்டாம். உயர் அழுத்தக் குழாயை ஓடும்போது தளர்த்துவது எந்த வண்டியிலும் கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புதிய இன்ஜெக்டர் போட்டால், பல வண்டிகளில் அதன் மேல் அச்சிட்ட கோட் எண்ணை ஸ்கேனர் வழியாக ஈசியூவில் ஏற்ற வேண்டும்.

பிக்கப் இல்ல, கருப்புப் புகை தள்ளுது. டர்போ மாத்தணும்னு சொல்றாங்க.

கருப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்பதுதான். டர்போ அதற்கான காரணங்களில் ஒன்று. ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ் (அடிப்பக்கத்தில் எண்ணெய் கசிந்த வெடிப்பு இருக்கும், ஓட்டும்போது 'உஸ்' சத்தம்), டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் (காற்றை உறிஞ்சும்) குழாய், கரி பிடித்துத் திறந்தே நிற்கும் இஜிஆர் வால்வு. இவை எல்லாம் பார்த்தபின் டர்போவின் நுழைவுக் குழாயைக் கழற்றி, விரலால் அச்சை அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் அசையக் கூடாது. இறக்கை சுவரில் உரசிய கோடு இருந்தால் டர்போ போனதுதான். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, புகையும் இல்லை என்றால் அது கிளச் பிளேட்.

ஹீட் முள் திடீர்னு மேல போகுது, அப்புறம் தானா கீழ இறங்கிடுது. அப்ப மீட்டர் கோளாறுதானே?

இரண்டில் ஒன்று, அதில் ஒன்று ஆபத்து. லைவ் டேட்டாவில் கூலன்ட் வெப்பம் 85 முதல் 95 டிகிரியில் நிலையாக இருந்து முள் மட்டும் ஆடினால் டேஷ்போர்டு மீட்டரின் எர்த். ஸ்கேனரிலும் ஏறி, பிறகு சட்டென்று விழுந்தால் கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நிற்கிறது. முள் இறங்கிவிட்டதே என்று ஓட்டினால் இன்ஜினின் சிலிண்டர் ஹெட் வளையும். உடனே நிறுத்துங்கள், சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

ஆறியபின், கூலன்ட் எங்கே போனது என்று பாருங்கள். வெளியே தடமே இல்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சோதியுங்கள்: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்தில், சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் இன்ஜினின் எரிந்த கேஸ் கூலன்ட்டுக்குள் புகுகிறது. டிராஃபிக்கில் மட்டும் ஏறி நெடுஞ்சாலையில் இறங்கினால் ஃபேன்: இன்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்து, விஸ்கஸ் ஃபேனை (சூட்டில் இறுகும் கப்ளிங் உள்ள ஃபேன்) கையால் சுற்றுங்கள், தடையில்லாமல் பல சுற்று ஓடினால் அது போய்விட்டது. நெடுஞ்சாலையில் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது தீர்வில்லை. இன்ஜின் சரியான வெப்பத்துக்கு வராமல் டீசலைக் குடிக்கும்.

பிரேக் கல்லு மாதிரி ஆயிடுச்சு, அதே வாரம் பேட்டரி லைட்டும் எரியுது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

இருக்கலாம். பொலேரோ, சுமோ போன்ற பல பழைய டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் தரும் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கிறது. அதற்கு இன்ஜின் ஆயில் போகிறது. சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி பிரஷ்ஷைக் கெடுக்கும், பம்பும் இழுக்காது. டைனமோவின் பின்பக்கம் ஆயிலில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். டைனமோவை மட்டும் ரீவைண்டிங் செய்து சீலை விட்டுவிட்டால் சில மாதத்தில் அதே கோளாறு திரும்பும். சோதனை: இன்ஜினை அணைத்து பெடலை ஐந்து முறை மிதித்து, இறுகியபின் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று உள்ளே இறங்கினால் வேக்கம் இருக்கிறது. இறங்கவில்லை என்றால் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

ஏபிஎஸ் லைட் வளைவுல திரும்பும்போது மட்டும் வருது. சென்சார் மாத்தியும் போகல. கூடவே 80-ல ஒரு ஆட்டம்.

மின் கோளாறாகத் தெரியும் மெக்கானிக்கல் கோளாறு இது. வீல் பேரிங் ஆட்டம் கண்டால், திரும்பும்போது பாரம் ஒரு பக்கம் சாய்ந்து சென்சாருக்கும் சக்கரத்தோடு சுற்றும் ரிங்குக்கும் உள்ள இடைவெளி மாறும், சிக்னல் விட்டுப்போகும். ஜாக்கி போட்டு, ஸ்டாண்ட் வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் பிரேக் மிதித்திருக்கும்போதும் ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட். பிரேக் மிதித்ததும் நின்றால் பேரிங். நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் ஏபிஎஸ் மட்டுமல்ல, ஃபோர் வீல் டிரைவ் உள்ள வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) கஷ்டப்படும்.

ஆட்டம் ஸ்டீரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், பேலன்சிங். சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம் அல்லது ப்ரொபெல்லர் ஷாஃப்ட். கிளச் விடும்போது 'டங்' என்று அடித்தால் யுஜே கிராஸ் (அந்த ஷாஃப்டின் மூட்டு). ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் குறி போடுங்கள். ஒரு பல் மாறி மாட்டினாலே புதிய கிராஸ் போட்டும் அதிர்வு போகாது.

எல்லாத்தையும் ஒரேடியா செய்ய காசு இல்ல. வண்டியை வச்சுக்கலாமா, கொடுத்துடலாமா?

செலவு வரிசை: பிரேக், பால் ஜாயின்ட், டீசல் கசிவு, கூலிங். அடுத்து பேட்டரி, எர்த், டைனமோ. இவற்றில் எர்த் வேலைக்குக் காசே ஆகாது. அதற்கப்புறம் ஸ்டார்ட்டிங், பிக்கப். கண்ணாடி, லாக், மியூசிக் எல்லாம் கடைசி. ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்து, ஸ்கேனரில் கோட்களை அழித்து, ஓட்டிப் பார்த்து அடுத்ததற்குப் போங்கள். மூன்று பாகத்தை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

வைத்துக்கொள்வதா என்பதை ஒயரிங் முடிவு செய்யாது. சேஸிஸும் இன்ஜினும்தான் முடிவு செய்யும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை விட்டு விட்டுப் பீறிட்டு மூடியைத் தள்ளுகிறதென்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு லிஃப்டில் ஏற்றி, பாடி மவுன்ட் இருக்கும் இடங்கள், பின் சஸ்பென்ஷன் சேஸிஸில் சேரும் இடங்கள், கதவுக்கு அடியில் ஓடும் இரும்புப் பட்டி (சில்) ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். மேல் துரு உதிர்ந்து கீழே கெட்டியாக இருந்தால் 15 வருடம் முடிந்து எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்துப் பதிவைப் புதுப்பிக்கும் செலவு தகும். ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த வண்டியில் இன்ஜெக்டருக்கும் டர்போவுக்கும் பணம் போடாதீர்கள்.